பல்லக்காவின் என்ஜின் பற்றாமல் போன ஐந்து மாதம்

பல்லக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவளுடைய பல் காரணமில்லை. அவள் பல்வரிசை எல்லோரையும் போலத்தான் இருக்கும். ஊரில் உள்ளவர்களுக்குப் பல் செய்து கொடுப்பது அவள் தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் லேபில் உட்கார்ந்து, மெழுகில் பல்லைப் பிடித்து, உலோகத்தில் வார்த்து, சுண்டுவிரல் நகம் அளவுள்ள சக்கரத்தில் தேய்த்து அனுப்புவாள். ஒரு மயிரிழை கூடினால் கடிக்கும்போது வலிக்கும், ஒரு மயிரிழை குறைந்தால் சாப்பிட்டது எல்லாம் போய் ஒளிந்துகொள்ளும். முப்பத்துமூன்று வருஷத்தில் அவள் செய்த பல் திரும்பி வந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பாத்த வாயெல்லாம் போதும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆள் வேறு. ஊருக்கு வெளியே ரிமோட்டில் குட்டி விமானம் விடுகிறவர்களுக்கென்று ஒரு மைதானம் உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் விசிறி வைத்த விமானம் விட்டுக்கொண்டிருக்க, ஏழெட்டுப் பேர் மட்டும் நிஜ ஜெட் என்ஜின் வைத்து விடுவார்கள். அதில் ஒரே பெண் இவள்தான். என்ஜின் என்றால் தண்ணீர் பாட்டில் பருமன்தான் இருக்கும், ஆனால் சத்தத்தில் பெரிய விமானத்துக்குத் தம்பி. கிளப்புவதுதான் கஷ்டம். உள்ளே ஒரு சின்ன மோட்டார் சக்கரத்தைச் சுற்றிவிடும். பற்றவைக்கிற பிளக்கின் நுனியில் முடி மாதிரி இருக்கும் கம்பிச்சுருள் பழுக்கும். அந்தச் சூட்டில் கொஞ்சம் கேஸ் பற்றும். உள்ளே சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய் வரும், என்ஜினும் கத்த ஆரம்பிக்கும். இத்தனையையும் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி பார்த்துக்கொள்ளும். ஏதாவது சரியில்லை என்றால் அதன் திரையில் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுக் கையை விரித்துவிடும்.

யார் என்ஜின் பற்றாமல் மக்கர் செய்தாலும் மைதானத்தில் எழும் முதல் குரல், "பல்லக்காவைக் கூப்பிடு" என்பதுதான். அவள் வந்து காதைச் சாய்த்துக் கேட்பாள். கேஸ் வரும் சத்தம் கேட்கிறதா, பிளக் எந்த நிறத்தில் பழுக்கிறது, குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்ப்பாள். பல்லில் குடைகிற ஊசி ஒன்றை எடுத்துப் பிளக்கின் சுருளை இம்மி வெளியே இழுத்துவிடுவாள். "ம், இப்பப் போடு" என்பாள். பற்றிக்கொள்ளும்.

இந்தக் கதை அவளுடைய தம்பியைப் பற்றியது. ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், எல்லோருக்கும் அவன் மாஸ்டர்தான். மனைவி விட்டுப்போனபோது ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தான். "ரெண்டு வாரம்தான்க்கா" என்று சொல்லித்தான் வந்தான். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. சமையல் அவனுடையது, பாத்திரம் அவளுடையது. சண்டை இருவருக்கும் பொது. ஐம்பத்தொரு வயதிலும் அவன் சட்டைக் காலரை அவள்தான் இழுத்துச் சரி செய்வாள்.

அவளுக்கு இருமல் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, அதற்கு வயதைச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். முப்பத்துமூன்று வருஷம் உலோகத்தையும் பீங்கானையும் தேய்த்த தூள், சிமெண்டு மாதிரி நுரையீரலில் போய் உட்கார்ந்திருந்தது. போனது போனதுதான், திரும்பாது என்றார். தூசி, புகை, எதுவும் கூடாது. லேபை விட வேண்டும். அந்த மண்ணெண்ணெய்ப் புகையையும் விட வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "லேபை யோசிக்கலாம். மைதானத்தை விட மாட்டேன்."

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாருன்னு காதுல விழுந்துச்சா?"

"நீ வண்டி ஓட்டக் கத்துக்குடு. எனக்கு மூச்சு விடக் கத்துக்குடுக்காத."

அடுத்த ஞாயிறே மைதானத்தில், என்ஜின் புகையில் நின்றுகொண்டிருந்தவள் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்துவிட்டாள். செய்தி கேட்டு மாஸ்டர் ஓடினான். ஒரு மாணவியைப் பாதிப் பாடத்தில் பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டு ஓடினான். போய்ப் பார்த்தால், புல்லில் உட்கார்ந்தபடி அவள் யாருடைய பிளக்கையோ ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவனுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. அவள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம் அது. அன்றைக்கு அவன் அதை அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுவும் பொய்யில்லை.

பள்ளிக் காருக்கு வயரிங் பார்க்கிறவரிடம் போனான்.

"உடைக்காம, அறுக்காம ஒரு சாமானை வேலை செய்யாம வைக்க முடியுமா?"

"யாரு காரு மாஸ்டர்?"

"காரு இல்லப்பா. சின்னப் பிளக்கு ஒண்ணு."

வயரிங்காரர் கண்ணடித்தார். "தடி வயரை எடுத்துட்டு அதே உறைக்குள்ள மெல்லிசா ஒண்ணப் போட்டுட்டாப் போதும். மீட்டர் வெச்சுப் பாத்தா பீப்புன்னு கத்தி எல்லாம் சரின்னு சொல்லும். ஆனா வேணுங்கிற கரண்ட் போய்ச் சேராது. வழியிலேயே மூச்சு முட்டிக்கும். பிளக்கு மங்கலாத்தான் எரியும். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

அவரே ஒன்று செய்தும் கொடுத்தார். அக்கா லேபுக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியிலிருந்து பிளக்குக்குப் போகும் சாண் நீள வயரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். பழையதைக் காரின் முன்பெட்டியில், பாடக் காகிதங்களுக்கு அடியில் வைத்தான். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷ வேலை.

அந்த ஞாயிறு என்ஜின் பற்றவில்லை.

அவள் முதலில் சிரித்தாள். "எனக்கேவா?" என்றாள். பிளக்கை வெளியே எடுத்துச் சோதித்தாள். ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று பழுக்க வேண்டியது, செங்கல் நிறத்தில் சோம்பலாகச் சிவந்தது. புதுப் பிளக் போட்டாள், அதுவும் அப்படியே. பேட்டரியை மாற்றினாள். வயரில் மீட்டரை வைத்தாள், பீப் என்று கத்தியது. அந்த வயர் அவளே ஈயம் வைத்துப் பற்றவைத்தது, அதன்மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. பெட்டியைச் செய்தவர்களுக்கே அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து, 'குறை ஒன்றும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது.

அடுத்தது என்ன செய்வது? பிளக்குக்குப் போகும் கரண்டை அந்தப் பெட்டியிலேயே படிப்படியாக ஏற்ற முடியும். மூன்றாவது படியில் இருந்ததை நான்குக்கு ஏற்றினாள், பிறகு ஐந்து, ஆறு. எட்டாவது படி உச்சம். உச்சத்தில் வைத்தும் சுருள் சாயம்போன சிவப்பில்தான் நின்றது. ஒரு தடவை மட்டும் 'பொப்'பென்று பற்றி, அவள் முகம் மலர்வதற்குள் அணைந்தது.

ஐந்து மாதம். வேலை முடிந்து வந்ததும் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விடுவாள். மாஸ்டர் டீ கொண்டுபோய் வாசலில் நின்று பார்ப்பான். முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணில் லேப் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு, ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்ததைப் பதினோராவது தடவை பார்த்துக்கொண்டிருப்பாள். 'இன்னும் கொஞ்ச நாள்ல அலுத்துப்போகும்' என்று நினைத்துக்கொள்வான். மைதானப் புகை இல்லாததால் இருமல் கொஞ்சம் தணிந்துதான் இருந்தது. செய்தது சரிதான் என்று மனசைத் தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரியாமல் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மைதானத்துச் செயலாளர் ஒரு மருந்துக்கடைக்காரர், நல்ல மனிதர். யாரோ தன் என்ஜினைக் காட்ட அவளைத் தேடியபோது அவர் குரலைத் தாழ்த்தி, "பாவம், அவங்க என்ஜினே பத்த மாட்டேங்குது. வயசாகுதில்ல, கை முன்ன மாதிரி இல்ல. சங்கடப்படுத்தாதீங்க" என்றார். காருக்கு அந்தப் பக்கம் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்த பல்லக்காவின் காதில் அது விழுந்தது. அதற்குப் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போவதை நிறுத்தினாள்.

லேபில், மூன்று பல் சேர்ந்த பாலம் ஒன்றை நான்கு தடவை அழித்துச் செய்தாள். முதல் தடவையே சரியாகத்தான் இருந்தது என்று முதலாளி சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. சக்கரத்தை அணைத்தாள், மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள், வந்துவிட்டாள்.

வேலையை விட்டதில் டாக்டருக்குச் சந்தோஷம். மாஸ்டருக்கு அதைவிடச் சந்தோஷம். அன்றைக்குக் கேக் வாங்கி வந்தான். அவள் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

நோய் அதன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு ஆக்ஸிஜன் இயந்திரம் வந்துவிட்டது. கொண்டுவந்து வைத்த பையன் சுவரில் ஒரு அட்டையை ஒட்டி, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான்: பக்கத்தில் தீ கூடாது, மண்ணெண்ணெய் கூடாது, கேஸ் கூடாது. வீட்டுக்குள் மிச்சம் மீதி இருந்த மண்ணெண்ணெய், கேஸ் டப்பாக்களையெல்லாம் மாஸ்டர் கொட்டகைக்குக் கொண்டுபோனான். மூக்கில் மாட்டிய குழாய் ஏழு மீட்டர். படுக்கை, குளியலறை, பின்பக்க ஜன்னல் என்று அவள் போக்குவரத்து அதற்குள் அடங்கிவிட்டது. பேச்சும் சுருங்கியது. நாலு வார்த்தை, ஒரு மூச்சு, நாலு வார்த்தை. பேசத் தொடங்குமுன்பே எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜன்னலோர நாற்காலியில் இருந்தபடி சொன்னாள்: "அதை ஒரு தடவை... பத்தவெச்சுக் காட்டு."

"எதைக்கா?"

"பறக்க வேணாம். சத்தம் மட்டும். தூரத்துல வெச்சு."

அகப்பட்டுக்கொண்டோம் என்றுதான் மாஸ்டருக்கு முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே ஒரு நிம்மதியும் வந்தது. பழைய வயர் கைவசம் இருக்கிறது, மாற்றினால் தீர்ந்தது. அவள் ஆசையும் நிறைவேறும், தான் செய்ததும் மண்ணோடு மண்ணாகப் புதைந்துவிடும். இவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, கொட்டகையைத் தாண்டி, ஜன்னலுக்கு நேராகத் தெரிகிற இடத்தில், வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி என்ஜினைச் சட்டத்தில் பொருத்தினான். பக்கத்தில் தீயணைப்பான், சட்டைப்பையில் கைப்பேசி. அவள் மடியில் அவள் கைப்பேசி. பழைய வயரை மாட்டும்போது முதுகை ஜன்னலுக்குக் காட்டிக்கொண்டான்.

விசையைத் தள்ளினான். மோட்டார் உய்ய்ங் என்று சுற்றியது. 'உஸ்' என்று கேஸ் வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. திரையில் 'பிளக் பழுது' என்று வந்தது.

கழற்றிப் பார்த்தான். சுருள் அறுந்திருந்தது. பழசு, அதனால்தான் என்று புதுசு போட்டான். இரண்டு செகண்ட் ஆனது, மறுபடி 'பிளக் பழுது'. டப்பாவில் மிச்சம் ஒன்றே ஒன்று. அதைப் போடக் கை வரவில்லை. வயரும் சரி, பிளக்கும் சரி, பிறகு என்னதான் கேடு?

கைப்பேசியில் அவள் குரல்: "என்ன சொல்லுது?"

"பிளக்கு போயிடுச்சுக்கா. ரெண்டும்."

"கொண்டா."

ஜன்னலுக்கு வந்து கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிளக்கைப் பிடித்தான். அவள் மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் சொருகிக்கொண்டாள். முன்னால் சாய்ந்தாள். மூக்குக் குழாய் கண்ணாடியில் இடித்தது.

"அறுந்து போகல," என்றாள். "உருகியிருக்கு. நுனியில... உருண்டை நிக்குது பாரு." நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். "கரண்டை நான்... உச்சத்துல வெச்சிருந்தேன். எட்டாம் படி. அதுலயும் மங்கலாத்தான் எரிஞ்சுது. அஞ்சு மாசம்." மறுபடி மூச்சு. "இப்ப ரெண்டு செகண்ட்ல உருகுது. நடுவுல... என்ன மாறுச்சு?"

சுவரில் இடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. இருபத்தாறு வருஷமாக அதைக் கேட்டு நொந்துபோனவன், அதையே சொன்னான்: "நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"வயரைக் காட்டு."

அவன் கையிலிருந்த பிளக்கையே திருப்பிப் பார்த்தான்.

"காட்டுடா."

கழற்றிக்கொண்டு வந்தான். கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான். அவள் வெகுநேரம் பார்த்தாள். உறையின் ஓரத்தில் ஊசியால் கீறிய ஒரு கோடு, அரிசியில் பாதி நீளம் இருக்கும். அவள் செய்த ஒவ்வொரு பல்லின் அச்சிலும் அப்படி ஒரு கோடு போடுவாள், தன் வேலை என்பதற்கு.

"இதுல கோடு இருக்கு," என்றாள். "அதுல இல்ல. அப்பவே பாத்தேன். போட மறந்துட்டேன்னு... நெனச்சேன். கையோட சேந்து புத்தியும் போகுதுன்னு நெனச்சேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கைப்பேசியைக் காதில் வைத்தபடி, ஓரடி தூரத்தில் இருக்கிறவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். வயரிங்காரர், செவ்வாய்க்கிழமை, காரின் முன்பெட்டி, எல்லாம். "நீ செத்துடுவியோன்னு பயந்தேன்க்கா" என்று முடித்தான். அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். எழுந்தாள். திரைச்சீலையை இழுத்து ஜன்னலை மூடினாள்.

இரண்டு நாள் பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், மாத்திரையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். திட்டினாலாவது தேவலை என்று இருந்தது அவனுக்கு. ஆனால் திட்டுவதற்கு மூச்சு வேண்டும். அவனுக்காக அதைச் செலவழிக்க அவள் தயாராக இல்லையோ என்று தோன்றியபோதுதான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டாள். "எத்தனை மாசம் கூடக் கெடைச்சிருக்கும்? உன் கணக்குல."

"தெரியலக்கா. டாக்டர்..."

"ரெண்டா? ஆறா?"

அவன் மாத்திரை டப்பாவின் மூடியைத் திருகினான்.

"ஆறுன்னே வெச்சுக்க. அந்த ஆறு மாசத்த... என்ன பண்ணினேன் தெரியுமா? என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். காலையில எந்திரிச்சு... கையைப் பாப்பேன். இந்தக் கைக்கு என்ன வந்துச்சுன்னு." ரொம்ப நேரம் மூச்சு வாங்கினாள். அவன் தண்ணீர் நீட்டினான். அவள் தள்ளிவிட்டாள். "லேபை விட்டேனே... டாக்டர் சொன்னாருன்னா விட்டேன்? கேக் வேற வாங்கிட்டு வந்த."

இயந்திரம் புஸ்புஸ்ஸென்று காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

பிறகு அவள், தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, அவனுக்கென்று இல்லாமல் மெதுவாகச் சொன்னாள்: "அப்ப கை நல்லாத்தான் இருந்திருக்கு."

கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "ஒரு பிளக்கு மிச்சம் இருக்கில்ல?"

"இருக்கு."

"பெட்டிய மூணுக்கு எறக்கு. சுருளை ஊசியால... இம்மி வெளிய இழு. இம்மின்னா இம்மி. கேஸ் டப்பாவ முதல்ல... வெயில்ல வை, பத்து நிமிஷம்."

சொன்னபடி செய்தான். மூன்றுக்கு இறக்கினான். சுருளை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிளக்கை வெளியே வைத்துச் சோதித்தபோது சுருள் நல்ல ஆரஞ்சில் தகதகத்தது. ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினான். அவள் தலையசைத்தாள். திரைச்சீலை விலகியிருந்தது.

விசையைத் தள்ளினான். உய்ய்ங். உஸ். பிறகு ஒரு மெல்லிய 'பொப்', அடுப்பு பற்றுகிற மாதிரி. பெட்டியின் திரையில் சூட்டின் எண் ஏறியது, நூறு, இருநூறு, முந்நூறு. மண்ணெண்ணெய்க் குழாய் ஒரு தடவை துடித்தது. முனகலாகத் தொடங்கிய சத்தம் சீழ்க்கையாகி, சீழ்க்கை அலறலாகி, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஒரு பக்கமாகப் பறந்தது.

அவள் உள்ளங்கையை ஜன்னல் கண்ணாடியில் பதித்திருந்தாள். கண் மூடியிருந்தது. நான்கு நிமிஷம் ஓடியது. மண்ணெண்ணெய் தீர்ந்து சத்தம் இறங்கி, சக்கரம் கிறுகிறுவென்று சுற்றி நின்றது. கைப்பேசியை எடுத்தான். அவள் அழுவாள், அல்லது ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான்.

"பேரிங் தேயுது," என்றாள். "பின்பக்கத்தது. நிக்கும்போது கேட்டியா? மாத்தணும்." அந்தக் குரலில், ஒன்றரை வருஷமாக அவன் கேட்காத ஒரு நிமிர்வு இருந்தது.

அன்று மத்தியானம் இன்னொன்றும் சொன்னாள். "மைதானத்துக்குப் போ. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

"அக்கா..."

"நான் சொன்னா சப்பைக்கட்டு மாதிரி இருக்கும். நீ சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போனான். பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தவர்களை, "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டு நிறுத்தினான். இருபத்தாறு வருஷம் அடுத்தவருக்குத் தைரியம் சொன்ன வாய் அது. வறண்டுபோயிருந்தது. அக்கா என்ஜின் பற்றாமல் போனதற்கு அக்கா காரணமில்லை, நான்தான் வயரை மாற்றிவைத்தேன், அவள் கைக்கு எதுவும் ஆகவில்லை என்று சொன்னான். ஒருவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். இன்னொருவர், "சொந்த அக்காவுக்காடா?" என்றார்.

மருந்துக்கடைக்காரர்தான் கிட்டே வந்தார். "அவங்களுக்கு வயசாயிடுச்சுன்னு நான் ஒருநாள் சொன்னேன். அது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். காதுல விழுந்துச்சாம்."

அவர் தன் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் விமானம் விடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பழம் இல்லை, பூ இல்லை, என்ஜின்தான். அதே இடத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கைப்பேசியில் பேசினார். "அக்கா, பத்துது. ஆனா சூடு ஏறும்போது ரெண்டு தடவை விக்கிட்டு அணைஞ்சுபோகுது. பிளக்கு மாத்திப் பாத்துட்டேன்."

"பிளக்கு இல்ல," என்றாள். "குழாயப் பாருங்க. குமிழி ஓடுதா?"

"ஓடுது... ஆமா, பொடிசா ஓடுது."

"வடிகட்டி மூடி. இறுக்குங்க."

இறுக்கினார். என்ஜின் பற்றி, விக்காமல் ஏறியது. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டது புகையாலா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு மைதானத்திலிருந்தே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மடியில் கைப்பேசி ஒலிக்கும். மாஸ்டர் சமையலறையில் காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பான். "என்ன நிறம்?" "எந்தப் படி?" "கேஸ் சத்தம் போடுதா?" யார் யாரோ பேசினார்கள், அவர்களுக்கெல்லாம் அவளிடம் மூச்சு இருந்தது. அவனிடம் பேசுவது மருந்து, தண்ணீர், தலையணை என்பதோடு நின்றது. அவன் அதைக் கேள்வி கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தான். அவளால் கையைத் தூக்க முடியாமல் போயிருந்த சமயம். சிக்கெடுக்கும்போது அவள் சொன்னாள்: "நீ பயந்துட்ட. புரியுது."

சீப்பு நின்றது.

"புரியுறதால... சரியாயிடாது. தெரிஞ்சுக்க."

"தெரியும்க்கா."

"வாரு. நிறுத்தாத."

மருந்துக்கடைக்காரர் அடுத்த தடவை வந்தபோது, மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்போதே அவரிடம் சொன்னாள்: "விமானத்த நீங்க எடுத்துக்குங்க. பேரிங் மாத்துங்க. தம்பி கையில குடுக்காதீங்க." அவர் தர்மசங்கடத்தோடு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

என்ஜின் பற்றிய நாளிலிருந்து பதினோரு வாரம் இருந்தாள். ஒரு புதன்கிழமை காலை, அவன் ஒரு மாணவனுக்கு வண்டியை ஓரமாக நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் கைப்பேசியில் கூப்பிட்டாள். அவன் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இயந்திரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கும் விசை எங்கே என்று நர்ஸுக்குத் தெரியவில்லை. அவன்தான் அணைத்தான்.

அடுத்த மாதம் மருந்துக்கடைக்காரர், துணைக்கு இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விமானத்தின் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் போர்வையில் சுற்றி எடுத்தார்கள். என்ஜினை அவரே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். கொட்டகைக் கதவு காற்றுக்குச் சாத்திச் சாத்திப் போனது. மாஸ்டர் எதையும் தொடவில்லை. அவர்கள் கடைசிச் சாமானையும் கொண்டுபோகும்வரை கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தான்.